சுவரொட்டி அச்சடிக்க எது மலிவு? - ஒரு வரலாற்றுக் கணக்கு

1939-ம் வருடம், ஆகஸ்ட் மாதக் கடைசி. ஜெர்மனியோடு போர் வரப்போகிறது என்று லண்டனில் பெரும்பாலோர் முடிவே கட்டிவிட்டார்கள். குண்டு விழுந்தால் மக்கள் மனம் உடைந்துவிடக் கூடாதே என்று பிரிட்டிஷ் அரசு மூன்று சுவரொட்டிகளைத் தயார் செய்தது. படம் எதுவும் கிடையாது. பளிச்சென்ற ஒற்றை வண்ணப் பின்னணி, உச்சியில் ஒரு கிரீடம், கீழே பெரிய எழுத்தில் ஒரு வாசகம். அவ்வளவுதான்!

50 லட்சம் சுவரொட்டிகளுக்கு 20,600 பவுண்டு ஆகும் என்று மதிப்பீடு போட்டார்கள். அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. பெருக்கி வகுத்துப் பார்த்தால் ஒரு சுவரொட்டிக்கு ஏறக்குறைய ஒரே ஒரு பென்னிதான் வருகிறது. இதைவிட மலிவாக யாரால் அச்சடிக்க முடியும்?

ஆனால் சுவரொட்டி வரலாற்றில் மிக அதிகமாக வீணான காசுகளில் இதுவும் ஒன்று. அது எப்படி என்று புரிய வேண்டுமானால் முதலில் ஒரு சின்ன கணக்கு தேவை. பயப்பட வேண்டாம், பிளஸ் டூ வணிகவியல் அளவுதான்.

எத்தனை காப்பி?

எந்த அச்சகத்தில் போய் நின்று "சுவரொட்டி அடிக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். "எத்தனை காப்பி?" இது தெரியாமல் எந்த அச்சகத்துக்காரராலும் விலை சொல்ல முடியாது.

காரணம், அச்சுச் செலவில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று, முதல் காப்பி வெளியே வருவதற்கு முன்பே ஆகிவிடும் செலவு. பிளேட் எடுப்பது, மெஷினில் பூட்டுவது, வண்ணம் சரியாக உட்காரும்வரை சில தாள்களை வீணாக்குவது எல்லாம் இதில் சேரும். ஒரு காப்பி அடித்தாலும் லட்சம் காப்பி அடித்தாலும் இது மாறாது. இதுதான் நிலையான செலவு. இன்னொன்று, ஒவ்வொரு காப்பிக்கும் ஆகும் தாள், மை, கூலி. இது மாறும் செலவு.

ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம் (இவை கற்பனை எண்கள், எந்த அச்சகத்தின் ரேட்டும் அல்ல). ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஆரம்பச் செலவு 1,000 ரூபாய், பிறகு காப்பிக்கு 10 ரூபாய். ஆஃப்செட்டில் ஆரம்பச் செலவு 8,000 ரூபாய், பிறகு காப்பிக்கு 3 ரூபாய்.

100 காப்பி வேண்டுமானால் ஸ்கிரீனில் 2,000 ரூபாய், ஆஃப்செட்டில் 8,300 ரூபாய். 10,000 காப்பி வேண்டுமானால் ஸ்கிரீனில் 1,01,000 ரூபாய், ஆஃப்செட்டில் வெறும் 38,000 ரூபாய். இரண்டும் சமமாகும் இடம் சரியாக 1,000 காப்பி. அங்கே இரண்டிலும் 11,000 ரூபாய் ஆகும்.

ஆகவே "எந்த முறை மலிவு?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. 1,000-க்குக் கீழே ஒரு பதில், மேலே இன்னொரு பதில். சுவரொட்டியின் இருநூறு வருட வரலாற்றை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சிலர் சரியாக, சிலர் தப்பாக!

கல்லில் தொடங்கிய மலிவு

கதை தொடங்குவதே ஒரு பணப் பிரச்சினையில்தான். ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகங்களை அச்சிட அச்சகங்கள் கேட்ட காசு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. தானே அச்சிட ஏதாவது வழி உண்டா என்று பார்த்தார். செம்புத் தகட்டின் விலை அதிகம் என்பதால் அந்தப் பக்கத்தில் கிடைத்த வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எழுதிப் பழகினார். 1796-ல் ஒருநாள், அம்மா சலவைக்குப் போடும் துணிகளின் பட்டியலை எழுதத் தாள் கிடைக்காமல், பிசுபிசுப்பான மையால் அந்தக் கல்லிலேயே எழுதினாராம். அங்கிருந்துதான் தனக்கு யோசனை பிறந்தது என்று அவரே பிற்பாடு எழுதினார்.

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான் இதன் அடிப்படை. கொழுப்புள்ள மையால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். இதுதான் லித்தோகிராஃபி, அதாவது கல்லச்சு. எழுத்துக் கோக்க வேண்டாம், மரத்தைச் செதுக்க வேண்டாம். ஓவியர் நேராகக் கல்லில் வரையலாம்.

பாரிஸ் ஓவியர் ஜூல் ஷெரே இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் தொழில் கற்றுத் திரும்பி 1866-ல் பாரிஸில் அச்சகம் திறந்தார். ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். அதனால் குறைந்த கற்களை வைத்தே நிறைய வண்ணம் தெரியும்படி வரைவதில் அவர் கெட்டிக்காரர் ஆனார். கலைத்திறமை என்று எல்லோரும் பாராட்டியதற்குள் ஒரு செலவுக் கணக்கும் இருந்தது. ஒரு கல்லைக் குறைத்தால் ஒருமுறை மெஷினில் ஓட்டும் வேலை குறைகிறது அல்லவா?

1891-ல் துலூஸ்-லோத்ரெக் மூலான் ரூஜ் நடன அரங்கத்துக்காக வரைந்த புகழ்பெற்ற சுவரொட்டியும் கல்லச்சுதான். சுமார் 3,000 காப்பி. ஒரே தாளில் அடங்காததால் துண்டு துண்டாக அச்சடித்துச் சுவரில் சேர்த்து ஒட்டினார்கள். தமிழ்நாட்டில் சினிமா சுவரொட்டி ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

மறந்துபோன ஒரு தாள்

கல் கனமானது, மெஷின் வேகத்துக்கு ஒத்துவராது. உருளையில் சுற்றக்கூடிய மெல்லிய உலோகத் தகடுகள் வந்தன. அடுத்த பெரிய மாற்றம் ஒரு கவனக்குறைவால் வந்தது. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்ற அச்சகத்துக்காரரின் மெஷினில் ஒருமுறை தாள் போகவில்லை. மை, தாளை அழுத்தும் உருளையின் ரப்பர் மீது படிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்பக்கம் அந்த ரப்பரிலிருந்து படம் ஏறியது. பார்த்தால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் தெளிவாக இருந்தது!

தகட்டிலிருந்து ரப்பருக்கு, ரப்பரிலிருந்து தாளுக்கு. இதுதான் ஆஃப்செட். ரப்பர் மென்மையானது என்பதால் சொரசொரப்பான மலிவுத் தாளிலும் படம் நன்றாக விழும், தகடும் சீக்கிரம் தேயாது. காப்பி ஏற ஏற ஒரு காப்பிக்கான விலை சரசரவென்று இறங்கும் முறை இது.

அப்படியானால் இதற்குப் பிறகு எல்லோரும் ஆஃப்செட்டுக்கே போயிருக்க வேண்டுமே? போகவில்லை. ஏன் என்பதை மாஸ்கோவும் நியூயார்க்கும் காட்டுகின்றன.

மாஸ்கோ: வெட்டிய அட்டை

1919. ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். தாளுக்கும் பஞ்சம், ஓடும் அச்சு மெஷினுக்கும் பஞ்சம். ரோஸ்டா என்ற அரசுத் தந்திச் செய்தி நிறுவனத்துக்கு ஒரு யோசனை வந்தது. விற்கச் சரக்கு இல்லாமல் காலியாகக் கிடந்த கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் செய்திச் சுவரொட்டிகளை வைத்தால் என்ன? மிகாயில் செரெம்னிக் என்ற ஓவியர் ஆரம்பித்தார். கவிஞர் மாயகோவ்ஸ்கியும் வந்து சேர்ந்து படமும் வரைந்தார், வாசகமும் எழுதினார்.

முதலில் ஒவ்வொன்றையும் கையால் வரைந்தார்கள். கேட்கும் ஊர்கள் கூடியதும் அட்டையை வெட்டி ஸ்டென்சில் செய்து, அதன் மேல் வண்ணம் பூசிக் காப்பி எடுத்தார்கள். ஒரு சுவரொட்டிக்கு நூறு, நூற்றைம்பது காப்பி என்ற அளவில் தயாரானது.

கணக்காகப் பார்த்தால் ஸ்டென்சிலில் நிலையான செலவு மிகக் குறைவு. ஒரு அட்டை, ஒரு கத்தி போதும். கூலி அதிகம்தான். ஆனால் தந்தியில் செய்தி வந்து, அது பழசாவதற்குள் சுவரொட்டியாக வெளியே போக வேண்டும். அடுத்த வாரம் மலிவாகக் கிடைப்பதில் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. நேரமும் ஒரு செலவுதான். ரசீதில் மட்டும் அது வராது.

நியூயார்க்: சராசரி 57

1930-களில் அமெரிக்காவைப் பெருமந்தம் ஆட்டிப்படைத்தது. வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க 1935-ல் டபிள்யூ.பி.ஏ. என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. ஓவியர்களுக்கும் அதில் இடம் இருந்தது. காசநோய்ப் பரிசோதனை, நூலகம், இலவச இசைக் கச்சேரி, பாதுகாப்பாக வேலை செய்வது என்று பல விஷயங்களுக்குச் சுவரொட்டி வரைவது அவர்கள் வேலை.

நியூயார்க்கில் ஆரம்பத்தில் கையால்தான் வரைந்தார்கள். ஆந்தனி வெலோனிஸ் என்ற ஓவியருக்குக் கடை விளம்பர அட்டைகள் செய்யப் பயன்பட்ட ஸ்கிரீன் பிரிண்டிங் நன்றாகத் தெரியும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி, அதன் மேல் ஸ்டென்சில், ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் கீழே படம். இதைச் சுவரொட்டிப் பிரிவுக்குக் கொண்டுவந்ததோடு, மற்றவர்கள் கற்றுக்கொள்ள ஒரு சிறு கையேடும் எழுதினார். முறை பல மாநிலங்களுக்குப் பரவியது.

1943-ல் திட்டம் முடிவதற்குள் சுமார் 35,000 வடிவங்களில் ஏறக்குறைய 20 லட்சம் சுவரொட்டிகள் அச்சானதாகக் கணக்கிடுகிறார்கள். 20 லட்சம் என்றதும் "இவ்வளவுக்கு ஆஃப்செட் அல்லவா போயிருக்க வேண்டும்?" என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுவது. 20 லட்சத்தை 35,000-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு வடிவத்துக்குச் சராசரி 57 காப்பிதான்!

மேலே சொன்ன கற்பனை ரேட்டில் 57 காப்பிக்கு ஸ்கிரீனில் 1,570 ரூபாய், ஆஃப்செட்டில் 8,171 ரூபாய். ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். மொத்த எண்ணிக்கையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஒரு வடிவத்துக்கு எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வடிவத்துக்கும் புது பிளேட் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கை வேலை அதிகம். சாதாரண முதலாளிக்கு இது குறை. ஆனால் வேலை கொடுப்பதற்காகவே நடந்த திட்டத்தில் கூலி என்பது வெறும் செலவு கிடையாது, அதுதான் திட்டத்தின் நோக்கமே. நோக்கம் மாறினால் "சிக்கனம்" என்ற சொல்லின் பொருளும் மாறிவிடுகிறது.

லண்டன்: ஒரு பென்னியின் உண்மை விலை

இப்போது லண்டனுக்குத் திரும்பலாம்.

மூன்று சுவரொட்டிகளில் இரண்டு, போர் தொடங்கியதும் ஒட்டப்பட்டன. வரவேற்பு சரியில்லை. "உங்கள் தைரியம் எங்களுக்கு வெற்றியைத் தரும்" என்ற பொருளில் ஒன்று இருந்தது. யார் அந்த 'நீங்கள்', யார் அந்த 'நாங்கள்' என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். வீண் செலவு என்று பத்திரிகைகளும் எழுதின.

மூன்றாவது, "அமைதி காத்து வேலையைத் தொடருங்கள்" என்ற பொருள் கொண்டது. ஆகஸ்ட் 23-க்கும் செப்டம்பர் 3-க்கும் இடையில் ஏறத்தாழ 24.5 லட்சம் காப்பி அச்சடித்தார்கள். கடும் விமானத் தாக்குதல் நடந்தால் ஒட்டலாம் என்று எடுத்து வைத்தார்கள். எதிர்பார்த்தபடி தாக்குதல் உடனே வரவில்லை. தாள் தட்டுப்பாடுதான் முதலில் வந்தது. 1940-ல் அந்தக் கையிருப்பைக் கூழாக்க அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலான மக்கள் அதைப் பார்க்கவே இல்லை.

2000-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆல்னிக் நகரப் பழைய புத்தகக் கடை ஒன்றில், ஏலத்தில் வாங்கிய புத்தகப் பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு காப்பி கிடைத்தது. கடையில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் விலை கேட்க, நகல் அச்சடித்து விற்றார்கள். பிறகு கோப்பை, பனியன் என்று உலகம் முழுக்கப் பரவியது தெரிந்த கதை. ஆனால் 1939-ல் காசு கொடுத்தவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

தவறு அச்சு முறையில் இல்லை. கூடுதலாக அடித்தால் ஒரு காப்பி விலை குறையும் என்பதும் உண்மைதான். அந்த உண்மைதான் பொறி! கற்பனை ரேட்டையே எடுத்துக்கொள்வோம். ஆஃப்செட்டில் 10,000 அடித்தால் காப்பிக்கு 3 ரூபாய் 80 பைசா, 1,500 அடித்தால் 8 ரூபாய் 33 பைசா. "10,000-மே அடித்துவிடலாம்" என்று ஆசை வரும். ஆனால் ஒட்ட முடிந்தது 1,500 மட்டும் என்றால்? 38,000-ஐ 1,500-ஆல் வகுத்தால், ஒட்டிய ஒவ்வொரு சுவரொட்டிக்கும் 25 ரூபாய் 33 பைசா ஆகியிருக்கிறது. விலை குறைந்ததாக நினைத்தவர் மூன்று மடங்கு கொடுத்திருக்கிறார்.

வகுக்க வேண்டியது அச்சடித்த எண்ணிக்கையால் அல்ல, சுவரில் ஏறிய எண்ணிக்கையால். லண்டனில் கடைசிச் சுவரொட்டிக்கு அந்த எண் கிட்டத்தட்ட பூஜ்யம்.

பாரிஸ்: முப்பதே காப்பி

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1968 மே மாதம் பாரிஸில் மாணவர் போராட்டம். பின்னாலேயே தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம். மே 14 அன்று அரசு நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரிப் பட்டறையில் முதல் சுவரொட்டியை அச்சடித்தார்கள். கைக்குப் பழகிய முறை என்பதால் கல்லச்சு. வந்தது சுமார் 30 காப்பி. ஒரு நகரத்துக்கே பேச நினைத்தவர்களுக்கு முப்பது எந்த மூலைக்கு?

கீ த ரூஜ்மோன் என்ற ஓவியர் அமெரிக்கா போய் வந்தவர். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யலாம் என்றார். அன்றைய பிரான்சில் ஓவியர்களுக்கு அது அவ்வளவாகப் பழக்கம் இல்லாத முறை. மூங்கில் வேலை மாதிரி சட்டமும் துணியும் இருந்தால் போதும், அன்று சேர்ந்த மாணவரும் அன்றே கற்றுக்கொள்ளலாம். பத்திரிகை அச்சகங்களில் மிஞ்சிய நியூஸ்பிரிண்ட் உருளைகள் தாளாக உதவின. ஒரே வண்ணம், எளிய உருவம், குறைந்த எழுத்து. எதை அச்சடிப்பது என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள், இரவில் அச்சடித்தார்கள், விடிவதற்குள் ஒட்டினார்கள். ஜூன் 27 அன்று போலீஸ் வந்து வெளியேற்றும்வரை நூற்றுக்கணக்கான வடிவங்கள் வந்துவிட்டன.

அங்கே குவிந்து கிடந்த கையிருப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தேவைப்பட்டபோது தேவைப்பட்ட அளவு. கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்களோ இல்லையோ, கணக்கு சரியாக இருந்தது.

சிவகாசி கண்ட வழி

சரி, குறைந்த எண்ணிக்கைக்கு ஸ்கிரீன், அதிகத்துக்கு ஆஃப்செட். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? ஒரு கடைக்கு 200 காலண்டர் வேண்டும், அதுவும் பல வண்ணத்தில் வேண்டும். ஆஃப்செட்டில் 200 அடித்தால் கட்டுப்படியாகாது.

இதற்கு அழகான விடை சிவகாசியில் இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். அப்படித்தான் அந்த வறண்ட பூமியில் லித்தோ அச்சகங்கள் முளைத்தன, பிறகு ஆஃப்செட்டுக்கு மாறின. ஒரு லேபிள் சின்னது. ஆகவே ஒரு பெரிய தாளில் ஏராளமான லேபிள்களை ஒன்றாக அச்சடித்து வெட்டிக்கொள்ளலாம். ஒரே ஆரம்பச் செலவு, பல வேலைகள்!

காலண்டரில் இன்னொரு படி மேலே போனார்கள். முருகன், லட்சுமி, இயற்கைக் காட்சி என்று பொதுப் படங்களை ஆஃப்செட்டில் பெரிய எண்ணிக்கையில் அடித்துக் கீழே இடம் விட்டுவிடுவார்கள். பிறகு மளிகைக் கடையோ நகைக் கடையோ ஆர்டர் கொடுத்தால், அந்தக் காலி இடத்தில் கடையின் பெயரை மட்டும் தனியாக அச்சடித்தால் போதும். 200 காப்பி வாங்கும் கடைக்காரருக்கும் லட்சம் காப்பி ரேட்டில் படம் கிடைக்கிறது.

சினிமா சுவரொட்டியிலும் இதே தந்திரம்தான். எல்லா ஊருக்கும் ஒரே சுவரொட்டி. தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் மட்டும் தனித் துண்டுத் தாளில். பசை வாளியோடு வருபவர் இரண்டையும் சுவரில் சேர்த்துவிடுவார். மாறாததை மலிவான முறையில் மொத்தமாக, மாறுவதைச் சின்ன முறையில் கொஞ்சமாக. ஒரே வேலைக்கு ஒரே முறைதான் என்று யார் சொன்னது?

ஆர்டர் கொடுப்பதற்கு முன்

இன்று டிஜிட்டல் பிரிண்டிங் வந்துவிட்டது. பிளேட்டே கிடையாது, நிலையான செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் காப்பி விலை அதிகம். கற்பனைக்கு 50 ரூபாய் என்று வைத்தால், 25 காப்பி வரை டிஜிட்டல், 25-லிருந்து 1,000 வரை ஸ்கிரீன், அதற்கு மேல் ஆஃப்செட் என்று கணக்கு வரும். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது.

கல்லூரி விழாவுக்கோ கருத்தரங்குக்கோ சுவரொட்டி அடிக்கப் போகிறவர்கள் ரேட் கேட்பதற்கு முன் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை. ஒரு வடிவத்துக்கு எத்தனை வேண்டும்? எப்போது வேண்டும்? எல்லாவற்றிலும் பொதுவானது எது, மாறுவது எது? முக்கியமாக, அத்தனையையும் ஒட்ட ஆள் இருக்கிறார்களா, இடம் இருக்கிறதா?

"இன்னும் ஐந்நூறு சேர்த்து அடிச்சிடுங்க, கூட கொஞ்சம்தான் ஆகும்" என்று அச்சகத்தில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் சரி என்று தலையாட்டுவதற்கு முன்னால், கூழாகிப்போன அந்த 24.5 லட்சத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது. அதுவும் காப்பிக்கு ஒரு பென்னிதான்!